மைக்கேல் ஸ்காட் போன பிறகும் 'தி ஆபீஸ்' பார்க்கலாமா?

அமெரிக்க 'தி ஆபீஸ்' தொடரை ஏழாவது சீசன் வரை பார்த்துவிட்டதாகவும், அலுவலக மேலாளர் மைக்கேல் விடைபெற்ற பிறகு பார்ப்பது வீண் என்று நண்பர்கள் தடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயங்காமல் தொடருங்கள். மைக்கேலாக நடித்த ஸ்டீவ் கரெல் போனதால்தான் தொடர் கெட்டது என்ற பரவலான பேச்சை நான் ஏற்பதில்லை. அவர் இருக்கும்போதே, ஆறாவது சீசனிலேயே சரிவு தொடங்கிவிட்டது.

2005 மார்ச்சில் தொடங்கிய முதல் சீசன் ஆறே எபிசோடுகள். அதே பெயரிலான பிரிட்டிஷ் மூலத் தொடரின் நிழல் அதன்மீது நன்றாகவே விழுந்திருந்தது. முதல் எபிசோடு ஏறக்குறைய அதன் மறுபதிப்பு. மைக்கேலைப் பார்த்தாலே எரிச்சல் வரும். இரண்டாவது சீசனில் அவரைக் கொஞ்சம் இளக்கினார்கள். வாயைத் திறந்தால் வம்பு என்பது மாறவில்லை. ஆனால் எல்லோரும் தன்னை நேசிக்க வேண்டும் என்று இந்த மனிதர் ஏங்குகிறார் என்பது தெரிந்தது. அதன் பிறகு அவரை வெறுக்க முடியவில்லை.

மூன்றாவது சீசனில் அலுவலக வரவேற்பாளர் பாம் தன் ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கும் எபிசோடை நினைத்துப் பாருங்கள். அலுவலகத்திலிருந்து ஆஸ்கர் தன் துணைவருடன் வருகிறார். பாம் பின்னால் நிற்பது தெரியாமல் இருவரும் அவளுடைய ஓவியங்களை மட்டமாகப் பேசுகிறார்கள். மனம் உடைந்து படங்களைக் கழற்றும் நேரத்தில் மைக்கேல் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்கிறார். அன்று பகலில் மாணவர்கள் முன்னிலையில் அவருக்கே அவமானம் நேர்ந்திருக்கிறது. அவர்களுடைய அலுவலகக் கட்டடத்தை பாம் வரைந்திருக்கும் படத்தைப் பார்த்தவர், உண்மையான வியப்போடு விலை கேட்கிறார். பாம் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும் இடம் இது. ஸ்க்ரான்டன் என்ற சிறு நகரத்தில் காகிதம் விற்கிற, யாருக்கும் பெரிதாகத் தெரியாத மனிதர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு வாழ்வதுதான் இந்தத் தொடரின் உயிர். இரண்டு முதல் ஐந்து வரையிலான சீசன்களில் அந்த உயிர் ததும்புகிறது.

பிறகு என்ன ஆயிற்று என்பதை கெவினை வைத்தே சொல்லிவிடலாம். ஆரம்பத்தில் அவர் மெதுவாகப் பேசுகிற, சீட்டாட்டத்தில் கெட்டிக்காரரான, இசைக்குழு வைத்திருக்கிற ஒரு கணக்காளர். இப்படி ஒருவரை எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம். போகப்போக அவரை ஒன்றும் தெரியாத முட்டாளாகவே ஆக்கிவிட்டார்கள். கடைசியில், கணக்கு இடித்தால் சரிக்கட்ட இல்லாத ஓர் எண்ணையே அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார் என்று தெரியவருகிறது. அந்த இடத்தில் நானும் சிரித்தேன். ஆனாலும் பழைய கெவினைப் பறிகொடுத்த வருத்தம் போகவில்லை. ஆட்களுக்குப் பதில் அவர்களின் கோணங்கித்தனங்களை மட்டும் எழுதத் தொடங்கியதுதான் தொடருக்கு வந்த நோய். விற்பனையாளர் ஜிம், பாம் திருமண எபிசோடு அருமை என்றாலும், ஆறாவது சீசனின் பெரும்பகுதி அந்த நோயோடுதான் நடக்கிறது.

ஏழாவது சீசன் நிமிர்ந்ததற்குக் காரணம், மைக்கேலை எங்கே கொண்டுபோய் விடவேண்டும் என்று எழுத்தாளர்களுக்குத் தெரிந்திருந்தது. விமான நிலையத்தில், அந்த அலுவலகத்தை ஆவணப்படமாக எடுத்துவரும் குழுவிடம் அவர் மைக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்ட பிறகு பாம் ஓடிவந்து அவரைத் தழுவுகிறாள். என்ன பேசினார்கள் என்பது நமக்குக் கேட்காது. அவ்வளவு கண்ணியமான எழுத்து.

எட்டாவது சீசன்தான் உண்மையான பாலைவனம். ஜேம்ஸ் ஸ்பேடர் தேர்ந்த நடிகர். ஆனால் அவர் ஏற்ற நிறுவனத் தலைவர் ராபர்ட் கலிஃபோர்னியாவுக்கு அந்த அலுவலகத்தில் யாருடைய அன்பும் தேவையில்லை. அப்படிப்பட்டவரைச் சுற்றி இந்த நகைச்சுவை ஓடாது. மேலாளரான ஆண்டிக்கோ மைக்கேலின் சட்டையையே தைத்துப் போட்டுவிட்டார்கள். கடைசிவரை அது அவருக்குப் பொருந்தவில்லை.

ஒன்பதாவது சீசனுக்குத் தொடரை உருவாக்கிய கிரெக் டேனியல்ஸ் பொறுப்பேற்றுத் திரும்பி வந்தார். ஃபிலடெல்ஃபியாவில் ஜிம் தொடங்கும் தொழிலால் அவருக்கும் பாமுக்கும் இடையே விழும் விரிசலைப் பல ரசிகர்கள் வெறுக்கிறார்கள். எனக்கு அது தொடரின் மிக நேர்மையான பகுதிகளில் ஒன்று. பாமைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டு, அவள் சந்தோஷப்பட வேண்டும் என்று ஜிம் எதிர்பார்க்கிறார். எத்தனை வீடுகளில் நடப்பது இது! ஆனால் நடுவில் படப்பிடிப்புக் குழுவின் ஒலிப்பதிவாளரை பாமுக்கு ஆறுதலாகக் கொண்டுவந்தது தேவையற்ற திணிப்பு. நல்லவேளையாகச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள்.

அதனால் எட்டாவது சீசன் அலுப்புத் தட்டினால் கூச்சப்படாமல் தாண்டிப் போங்கள். ஒன்பதாவதை முதலிலிருந்தே பாருங்கள். நேரே கடைசி எபிசோடுக்குத் தாவிவிடாதீர்கள். ஜிம்மும் பாமும் பட்ட பாட்டைப் பார்க்காதவர்களுக்கு அந்த முடிவு வெறும் கல்யாண வீடாகத்தான் தெரியும்.