கூழும் உத்தரவும்

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் இருக்கிறேன். லேப் டெக்னீஷியன் வேலை. இரண்டு வருடம் முன்பு ஞானஸ்நானம் எடுத்தேன், வீட்டில் நான் மட்டும். அன்றிலிருந்து அப்பா நேராகப் பேசுவதில்லை, எதுவானாலும் அம்மாவிடம் சொல்லியனுப்புகிறார். போன ஆடியில் அம்மா சொம்பில் கோயில் கூழ் கொண்டுவந்தபோது, "இது விக்கிரகத்துக்குப் படைச்சது" என்று தெரு பார்க்க மறுத்துவிட்டேன். மாமா "துட்டுக்கு மாறினவன், சாதி சர்டிபிகேட்டும் போச்சு" என்கிறார். வேலையிடத்தில் என் பெயரே அல்லேலூயாதான். சபையில் கேட்டால் சிலுவை சுமக்கத்தான் வேண்டும் என்கிறார்கள். அலுத்துவிட்டது ஐயா. எப்படித் தாக்குப்பிடிப்பது?

எம்.

அன்புள்ள எம்.,

கடிதத்தைப் படித்து முடித்தபிறகும் அம்மா கையில் இருந்த சொம்புதான் கண்ணில் நிற்கிறது. ஏனென்று சொல்கிறேன்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் பாட்டி இறந்தார். கொருக்குப்பேட்டை வீட்டு வாசலில் பேரன்கள் நெய்ப்பந்தம் பிடித்து நின்றார்கள். நான் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவன், பிடிக்கமாட்டேன் என்றேன். அதில் இன்றும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதோடு விட்டேனா? எதிரே டீக்கடை ஓரமாகப் பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன். பாடைக்கு ஒரு தோள் குறைந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கொடுத்தார். மூலக்கொத்தளம் மயானம் வரை நான் சுமந்திருக்கலாம், எந்த வசனமும் தடுக்கவில்லை. அப்புறம் பல வருடம் சித்தப்பா என்னோடு பேசவில்லை. அதைக் கிறிஸ்துவுக்காகப் பட்ட பாடு என்று சபையில் சாட்சி வேறு சொன்னேன்!

பைபிளில் இயேசுவின் சீடர் பேதுருவின் முதல் நிருபம், அதாவது கடிதம், முழுக்க விசுவாசத்துக்காக ஏச்சு வாங்கியவர்களுக்கு எழுதியது. அதிலேயே நான்காம் அதிகாரத்தில், எந்தப் பாடு கணக்கில் வராது என்று ஒரு வரிசை இருக்கிறது. கொலைபாதகன், திருடன் என்று தொடங்கி, "அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவன்" வரை போகிறது. உங்கள் மேல் விழும் பேச்சில் எது கிறிஸ்துவின் பெயருக்காக வந்தது, எது நீங்கள் பேசிய தோரணைக்காக வந்தது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். அப்பாவின் மௌனம் முதல் வகை என்றே எனக்குத் தோன்றுகிறது. கூழ் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

அதே நிருபத்தின் மூன்றாம் அதிகாரம், உங்கள் நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிற யாவருக்கும் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல" ஆயத்தமாயிருங்கள் என்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் உத்தரவு என்றால் பதில். நம்மாட்கள் பலர் அதை இன்றைய அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் உத்தரவு போடுகிறார்கள். அம்மா உங்களிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லையே, கூழ்தானே கொடுத்தார்?

இந்தப் பேதுருதான் நம் பக்கத்து ராயப்பர். 1829-இல் ராயபுரத்தில் படகோட்டிகள் கட்டிய கோயில் இவர் பெயரில்தான் இருக்கிறது. தீ காய்கிற இடத்தில் ஒரு வேலைக்காரி கேட்டதற்கே பயந்து, இயேசுவை மூன்று முறை தெரியாது என்றவர். அதனால்தான் அவர் சாந்தம் என்று சொல்லும்போது எனக்கு நம்பத் தோன்றுகிறது.

நிருபம் போன பகுதிகளில் ஒன்று பித்தினியா, இன்றைய துருக்கியில் இருந்த ரோம மாகாணம். சுமார் கி.பி. 112-இல் அங்கே ஆளுநராக இருந்த பிளினி, ரோமப் பேரரசர் ட்ராஜனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. பிடிபட்டவர்களிடம் நீ கிறிஸ்தவனா என்று மூன்று முறை கேட்பாராம். ஒத்துக்கொண்டே இருந்தால் மரண தண்டனை. எப்போதோ விட்டுவிட்டோம் என்றவர்களும் இருந்தார்கள், சிலர் இருபது வருடத்துக்கு முன்பே. அலுத்துப்போவது உங்களோடு தொடங்கவில்லை எம். சபையில் அதை வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆளைத் தேடிக்கொள்ளுங்கள். சிலுவையைப் பற்றி உடனே பிரசங்கம் பண்ணாத ஆளாக இருக்கட்டும்.

மாமா சொன்னதில் பாதி பழி, பாதி உண்மை. நீங்கள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்று எடுத்துக்கொள்கிறேன். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்தத் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும்தான் இருந்தது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியேதான். தமிழ்நாட்டில் அவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஞானஸ்நானம் எடுத்த மறுநாளே தெரு சாதியை மறந்துவிடுகிறதா என்ன? அநியாயம்தான். ஆனால் மாமாவின் கவலை, மருமகனின் அரசாங்க வேலை. அதற்கு வசனம் சொல்லாதீர்கள். "ஆமாம் மாமா, தெரிஞ்சுதான் எடுத்தேன்" என்று சொல்லுங்கள். தெரியாமல் எடுத்திருந்தால் அதையும் ஒப்புக்கொள்ளுங்கள். நஷ்டப்பட்டவனைப் பார்த்துத் துட்டு வாங்கினான் என்று அவரால் ரொம்ப நாள் சொல்லமுடியாது. சர்டிபிகேட்டுக்காக வெளியே ஒன்று, சபையில் ஒன்று என்று மட்டும் இருக்கவேண்டாம்.

வேலையிடத்து அல்லேலூயாவை விடுங்கள். கூப்பிட்டால் "என்னப்பா" என்று திரும்புங்கள், அவர்களுக்கே போரடித்துவிடும்.

கூழ் குடிக்கலாமா கூடாதா என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆதி சபைகளை வளர்த்த பவுலே கொரிந்து ஊர்ச் சபைக்கு எழுதிய நிருபத்தில், விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார், படைத்தது என்று ஒருவன் சொன்னால் சாப்பிடாதே என்றும் சொல்கிறார். மனச்சாட்சி இடம் தரவில்லையென்றால் குடிக்காதீர்கள். ஆனால் அடுத்த ஆடிக்கு, சொம்பு வருவதற்கு முந்தைய நாளே அம்மா தனியாக இருக்கும்போது மெதுவாகச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு வீட்டில் குடம் தூக்க, பாத்திரம் கழுவ முதல் ஆளாக நில்லுங்கள். அப்பா வழக்கம்போல "அவன்கிட்ட சொல்லு" என்று அம்மாவிடம் ஆரம்பித்தால், நேராகப் போய் "சொல்லுங்கப்பா" என்று நில்லுங்கள். முதல் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்வார்.