வாசகர் கேள்வி-பதில்: நான்கு எஞ்சின் விமானங்களுக்கு இனி ஆர்டர் வருமா?

கேள்வி: ஏர்பஸ் ஏ380 விமானத்தில் பயணம் செய்தவர்கள் எல்லோரும் அதைப் புகழ்கிறார்கள். அப்படியிருந்தும் அதன் தயாரிப்பை ஏன் நிறுத்தினார்கள்? (பொறியியல் மாணவி, விருதுநகர்)

பதில்: விமானத்தில் உட்காருபவர் ஒருவர், அதை விலை கொடுத்து வாங்குபவர் இன்னொருவர். உங்கள் கேள்விக்கான விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. பயணிக்கு ஏ380 பிடிக்கும். சத்தம் குறைவு, காற்றுக் குலுக்கல் அவ்வளவாகத் தெரியாது, கால் நீட்ட இடம் இருப்பதுபோலத் தோன்றும். வாங்கும் நிறுவனமோ பண்டிகைக் கூட்டத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. பள்ளி விடுமுறையும் விசேஷமும் இல்லாத ஒரு வாரத்தின் செவ்வாய்க்கிழமையில் எத்தனை இருக்கைகள் நிரம்பும் என்றுதான் பார்க்கிறது. சுமார் 500 இருக்கைகளில் 200 காற்றாடினாலும், 277 டன் காலி எடையைச் சுமந்து பறப்பதற்கான எரிபொருளையும், நான்கு எஞ்சின்களின் பராமரிப்புச் செலவையும், விமான நிலையக் கட்டணத்தையும் அந்த நிறுவனம் முழுமையாகக் கொடுத்தாக வேண்டும். இரண்டே எஞ்சின்களும் ஏறக்குறைய 350 இருக்கைகளும் கொண்ட போயிங் 777-300இஆர் அதே தடத்தில் பறந்தால் அன்றைக்குக் கையைக் கடிக்காது. கூட்டம் கூடும் நாளில் இன்னொரு விமானத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

2000 டிசம்பரில் இந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது ஏர்பஸ் வேறு விதமாகக் கணக்குப் போட்டது. பெரிய விமான நிலையங்களில் நெரிசல் கூடும், புதிய ஓடுபாதைகள் எளிதில் வராது, ஆகவே ஒரே விமானத்தில் அதிகம் பேரை ஏற்றுவதைத் தவிர வழியில்லை, இருபது ஆண்டுகளில் இத்தகைய மிகப் பெரிய விமானங்கள் 1,200-க்கும் மேல் தேவைப்படும் என்று அது கணித்தது. நெரிசலைப் பற்றிய கணிப்பு தவறவில்லை. ஆனால் போயிங் 787 போன்ற நடுத்தர அளவு விமானங்கள் 2011 முதல் சேவைக்கு வந்தபின், பெரிய மையத்தில் இறங்கி மாறிப் போகாமல், ஊரிலிருந்து ஊருக்கு நேராகப் பறக்கும் தடங்கள் பெருகின. கடைசியில் கட்டி ஒப்படைக்கப்பட்ட ஏ380 விமானங்கள் 251. அவற்றில் 123 எமிரேட்ஸ் நிறுவனத்துக்கே போயின. மீதி 128 விமானங்களைப் பதின்மூன்று நிறுவனங்கள் பங்கிட்டுக்கொண்டன. அமெரிக்காவின் பயணிகள் விமான நிறுவனங்களில் ஒன்றுகூட இதை வாங்கவில்லை. ஏறத்தாழ பாதி விற்பனை ஒரே வாடிக்கையாளரை நம்பி நிற்கும்போது, அவர் ஆர்டரைக் குறைத்தால் தொழிற்சாலையை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை. 2019 பிப்ரவரியில் அதுதான் நடந்தது. எமிரேட்ஸ் 39 விமானங்களைக் குறைத்து, அவற்றுக்குப் பதிலாக இரண்டு எஞ்சின் கொண்ட ஏ330, ஏ350 ரகங்களைக் கேட்டது. அதே நாளில் ஏர்பஸ் தயாரிப்பை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. கடைசி ஏ380 2021 டிசம்பரில் எமிரேட்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது.

பொறியியல் படிப்பவர் என்பதால் உங்களுக்கு இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். வளரும் பிள்ளைக்கு என்று சட்டையைப் பெரிதாகத் தைப்பதுபோல, பின்னாளில் வரவிருந்த இன்னும் நீளமான ஏ380-900 வடிவத்தை மனத்தில் வைத்தே இதன் இறக்கையை வடிவமைத்தார்கள். அந்த நீளமான விமானம் வரவே இல்லை. விற்பனைக்கு வந்த விமானமோ தனக்குத் தேவையானதைவிடக் கனமான இறக்கையைச் சுமந்துகொண்டே பறக்க வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு ஹாம்பர்க் குழுவும் துலூஸ் குழுவும் ஒரே வரைபட மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பயன்படுத்தியதால், ஜெர்மனியில் கட்டிய மின்கம்பிக் கற்றைகள் பிரான்சில் விமான உடலுக்குள் பொருத்தும்போது நீளம் போதாமல் நின்றன. ஒரு விமானத்துக்கு சுமார் 530 கிலோமீட்டர் கம்பி. அதைச் சரிசெய்வதற்குள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தத் தாமதத்தில்தான் ஃபெட்எக்ஸ், யுபிஎஸ் ஆகிய இரு சரக்கு நிறுவனங்களும் தங்கள் ஆர்டர்களை ரத்துசெய்தன. சரக்கு வடிவம் அத்தோடு நின்றுபோனது. இந்த விமானத்தின் கதையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி இதுதான். போயிங் 747-க்குப் பயணிகள் நிறுவனங்கள் முதுகு காட்டியபிறகும் அதைச் சில ஆண்டுகள் காப்பாற்றியது சரக்குதான்; 2023 ஜனவரியில் ஒப்படைக்கப்பட்ட அதன் 1,574-ஆவது, கடைசி விமானமும் அட்லஸ் ஏர் நிறுவனத்துக்கான சரக்கு விமானமே.

கேள்வி: கடலைக் கடக்கும்போது நான்கு எஞ்சின் இருந்தால்தானே பாதுகாப்பு? இரண்டில் ஒன்று நின்றுவிட்டால் என்ன ஆகும்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

பதில்: உங்கள் அச்சத்தை ஒரு காலத்தில் அரசாங்கங்களே சட்டமாக வைத்திருந்தன. 1953-இல் அமெரிக்கா வகுத்த விதிப்படி, இரண்டு எஞ்சின் விமானம் ஒன்று, ஒரே எஞ்சினில் பறந்து 60 நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை அடையக்கூடிய தடத்தில் மட்டுமே செல்லலாம். பிஸ்டன் எஞ்சின்கள் அடிக்கடி பழுதான காலத்தில் அந்த விதி நியாயமானது. ஜெட் எஞ்சின்களின் நம்பகத்தன்மை கூடக்கூட விதியும் தளர்ந்தது. 1985-இல் 120 நிமிடம், 1988-இல் 180 நிமிடம், 2014-இல் ஏர்பஸ் ஏ350 விமானத்துக்கு 370 நிமிடம். அதாவது ஒற்றை எஞ்சினில் ஆறு மணி நேரத்துக்கும் மேல் பறந்து இறங்கலாம் என்று அதிகாரிகள் சோதித்துப் பார்த்துச் சான்று அளித்திருக்கிறார்கள். இந்தச் சான்று கிடைத்தபின், கடலைக் கடப்பதற்காகவே நான்கு எஞ்சின் வாங்க வேண்டிய தேவை எந்த நிறுவனத்துக்கும் இல்லாமல் போயிற்று.

ஓடுபாதையில் வேகமெடுத்தபின் ஒரு எஞ்சின் நின்றுவிட்டாலும் மற்றதன் பலத்திலேயே மேலெழும்பும்படி இரண்டு எஞ்சின் விமானத்தை வடிவமைத்தாக வேண்டும். அதனால் சாதாரண நாளில் அதற்குத் தேவைக்கு மேல் பலம் இருக்கும். 777-300இஆர் எஞ்சினின் வெளியுறை ஏறக்குறைய போயிங் 737 விமானத்தின் உடல் அளவு அகலம் கொண்டது என்றால், அந்தப் பலத்தை நீங்களே ஊகிக்கலாம். மறுபுறம், எஞ்சின்களின் எண்ணிக்கை கூடினால் அவற்றுள் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடுகிறது. 2010 நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட குவாண்டாஸ் ஏ380-இன் எஞ்சின் ஒன்று இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேல் வெடித்துச் சிதறியது. விமானத்தில் இருந்த 469 பேரும் பத்திரமாகச் சாங்கியில் தரையிறங்கினார்கள். அன்று அவர்களைக் காப்பாற்றியதில் விமானக் குழுவினரின் நிதானத்துக்கும் விமானத்தின் உறுதிக்கும் பெரும்பங்கு உண்டு.

கேள்வி: 2007-இல் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு ஏ380 முதன்முதலாகப் பறந்ததைப் பெருமையோடு பார்த்தோம். கொரோனாவில் ஓரங்கட்டிய விமானங்கள் திரும்பி வந்துவிட்டன. தயாரிப்பும் மீண்டும் தொடங்குமா? (வாசகர், சிங்கப்பூர்)

பதில்: தொடங்காது. விமானங்கள் திரும்பி வந்ததற்குக் காரணம், பயணிகள் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் திரும்பியதும், மாற்றாக வரவேண்டிய போயிங் 777-9 தாமதமானதும்தான். 2020-இல் சேவைக்கு வந்திருக்க வேண்டிய அந்த விமானத்தின் முதல் ஒப்படைப்பு 2027-இல்தான் என்று போயிங் அறிவித்திருக்கிறது. இதனால் லுஃப்தான்சா, எதிஹாத் போன்ற நிறுவனங்கள் ஓய்வு கொடுத்த விமானங்களை மீண்டும் எடுத்தன. ஏர் பிரான்ஸோ 2020-இலேயே கைகழுவிவிட்டது. கையில் இருக்கும் விமானத்தைத் துடைத்துப் பறக்கவிடுவதும், புதிதாக ஒன்றுக்கு ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் கொடுப்பதும் ஒன்றாகாது.

தொழிற்சாலையும் இப்போது பழைய நிலையில் இல்லை. பிரான்சில் லெவிஞாக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஏ380-இன் பிரம்மாண்டமான உடற்பகுதிகளையும் இறக்கைகளையும் ஏற்றிய டிரெய்லர்கள், படகிலிருந்து இறங்கி துலூஸுக்குப் போகும் வழியில், இரவு நேரத்தில் அந்த ஊரின் ஒடுங்கிய தெரு வழியாக ஊர்ந்து செல்லும். சன்னலைத் திறந்து கை நீட்டினால் இறக்கையைத் தொட்டுவிடலாம் என்னும் நெருக்கம். 2020 ஜூனில் கடைசி வண்டித் தொடர் போனபோது ஊர் மக்கள் தெருவோரம் திரண்டு வழியனுப்பினார்கள். துலூஸில் ஏ380 கட்டப்பட்ட கூடத்தில் இன்று சிறிய ஏ321 விமானங்கள் கட்டப்படுகின்றன. அவற்றுக்குத்தான் ஆர்டர்கள் வரிசையில் காத்திருக்கின்றன.

கேள்வி: பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் கிடைத்த ஏ380 அனுமதி சென்னைக்கு ஏன் கிடைக்கவில்லை? (வாசகி, சென்னை)

பதில்: 2014-இல் இந்தியா ஏ380-ஐ அனுமதித்தபோது டெல்லி, மும்பை, ஹைதராபாத், பெங்களூரு ஆகிய நான்கு நிலையங்களை மட்டுமே குறிப்பிட்டது. சுமார் 80 மீட்டர் இறக்கை விரிவுள்ள விமானத்துக்கு அகலமான இணைப்புப் பாதைகளும், பெரிய நிறுத்துமிடமும், இரண்டு தளங்களிலிருந்தும் பயணிகள் இறங்கும் வசதியும் வேண்டும். அனுமதி பெற்ற பெங்களூருக்கே எமிரேட்ஸின் தினசரி ஏ380 சேவை 2022 அக்டோபரில்தான் வந்தது. துபாய்க்கும் இந்தியாவுக்கும் இடையே வாரத்துக்கு இத்தனை இருக்கைகள் என்று அரசுகள் உச்சவரம்பு வைத்திருப்பதால், ஒரே பெரிய விமானத்தில் அந்த ஒதுக்கீட்டைச் செலவழிப்பதைவிட, சிறிய விமானங்களில் பல நேரங்களில் பறப்பதே பயணிக்கு வசதி என்பது என் கருத்து.

கேள்வி: அப்படியானால் எதிர்காலத்தில் நான்கு எஞ்சின் பயணிகள் விமானம் ஒன்று புதிதாக வரவே வராதா? (வங்கி ஊழியர், ஈரோடு)

பதில்: நம் காலத்தில் வராது என்றே கருதுகிறேன். 426 பேரை ஏற்ற வல்ல 777-9 இரண்டே எஞ்சின்களில் பறக்கிறது. அதன் இறக்கை நுனிகள் தரையில் மடிந்துகொள்வதால், ஏ380-க்குச் செய்ததுபோல விமான நிலையத்தை அகலப்படுத்த வேண்டியதில்லை. இதைவிடப் பெரிய விமானம் வேண்டுமென்று நாளை ஒரு நிறுவனம் கேட்டாலும், எஞ்சின் தயாரிப்பாளர்கள் இன்னும் பலமான இரண்டு எஞ்சின்களைத்தான் முன்வைப்பார்கள்.

உங்களுக்கு ஏ380-இல் ஏறிப் பார்க்கும் ஆசை இருந்தால் இன்னும் காலம் இருக்கிறது. எமிரேட்ஸ் தன் விமானங்களின் உட்புறத்தைப் புதுப்பித்து, பல ஆண்டுகள் பறக்கவிடத் திட்டமிட்டிருக்கிறது. துபாய் வழியாக லண்டன் செல்வதாக இருந்தால், ஏ380 செல்லும் நேரத்தைத் தேர்ந்து டிக்கெட் எடுங்கள். மேல்தளத்தில் சன்னலோர இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். அங்கே விமானச் சுவர் உள்நோக்கி வளைவதால் இருக்கைக்கும் சன்னலுக்கும் இடையே மூடி போட்ட ஒரு பெட்டி இருக்கும்; கைப்பையை அதில் வைத்துவிட்டு நிம்மதியாக வெளியே பார்க்கலாம்.