உலகம் கேட்போம்: பூமத்திய ரேகை சிங்கப்பூர் வழியாகவா போகிறது?

பிடோக் வாசகி: பொது அறிவுப் போட்டியில் என் மகள், “சிங்கப்பூர் பூமத்திய ரேகையின் மேல் இருக்கிறது” என்று எழுதினாள். மதிப்பெண் தரவில்லை. நாங்கள் எல்லாரும் அப்படித்தானே சொல்லி வருகிறோம்?

சொல்லி வருகிறோம், அம்மா. ஆனாலும் மதிப்பெண் தராதது சரிதான். ரேகை நமக்குத் தெற்கே ஏறக்குறைய 137 கிலோமீட்டர் தள்ளி, இந்தோனேசியாவுக்குள் போகிறது. அதன் மேலேயே அமைந்த ஊர் களிமந்தானில் உள்ள பொந்தியானாக். அங்கே ரேகைக்கு நினைவுச்சின்னமே எழுப்பியிருக்கிறார்கள். ‘ரேகைக்கு அருகில்’ என்று எழுதியிருந்தால் உங்கள் மகளுக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

அவளை ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். மார்ச் 23 வாக்கில், வெயில் நாளாகப் பார்த்து, புளோக்கின் கீழே வெட்டவெளியில் ஒரு தண்ணீர்ப் போத்தலை நிறுத்தி வைக்கட்டும். நிழல் குறுகிக் குறுகிப் போத்தலின் அடியிலேயே ஒடுங்கிவிடும். அது பகல் 12 மணிக்கு நடக்காது, 1.10 மணியளவில்தான் நடக்கும். நம் கடிகாரம் கிழக்கே 120 பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது, நாம் இருப்பதோ 104ஐ ஒட்டி. பாகைக்கு 4 நிமிடம் என்று அவளே பெருக்கிப் பார்க்கட்டும். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா, சாபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாவதற்காகக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது. நாமும் கூடவே தள்ளினோம். காலையில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும்போது விடிந்தும் விடியாமலும் இருப்பது இதனால்தான்.

ஈசூன் மாணவர்: ‘ஆசியக் கண்டத்தின் தென்கோடி’ என்று செந்தோசா பலவான் கடற்கரையில் பலகை இருக்கிறதே, உண்மையா?

செந்தோசா ஒரு தீவு, தம்பி. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி ஜோகூரில் உள்ள தஞ்சோங் பியாய். பாலங்களால் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கணக்கில் கொண்டால்தான் பலகையின் வாசகம் நிற்கும். தீவுகளையும் சேர்த்துக்கொள்வோம் என்றால், நம்முடைய செயின்ட் ஜான்ஸ் தீவே செந்தோசாவுக்குத் தெற்கே இருக்கிறது. தேர்வில் தஞ்சோங் பியாய் என்றே எழுதுங்கள்.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: என் தம்பிக்கு ஆப்பிரிக்காவில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே எந்தப் பணம் செல்லும்? ஆங்கிலம் போதுமா?

எந்த நாட்டில், ஐயா? அங்கே 54 நாடுகள் இருக்கின்றன. கென்யாவில் ஷில்லிங், நைஜீரியாவில் நைரா, கானாவில் செடி. செனகலில் பிரெஞ்சு தெரிந்தால் நல்லது, மொசாம்பிக்கில் போர்ச்சுகீசியம், எகிப்தில் அரபு. வெளியூரில் யாராவது “சிங்கப்பூர் சீனாவில் எந்தப் பக்கம்?” என்று கேட்டால் நமக்குச் சுருக்கென்கிறது. கானாக்காரருக்கும் அப்படித்தானே இருக்கும்? முப்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்தவள் என்ற உரிமையில் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

ஆப்பிரிக்காவை ஒரே நாடுபோல நினைப்பதில் சுவரில் தொங்கும் உலகப் படத்துக்கும் பங்கு உண்டு. 1569இல் வரைபட வல்லுநர் மெர்கேட்டர் கடலோடிகளுக்காக வரைந்த முறையில், துருவத்தை நெருங்க நெருங்க நிலம் ஊதிப் பெருக்கும். கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டர். கிரீன்லாந்து 22 லட்சம்கூட இல்லை. வகுப்பில் உலக உருண்டையின் மேல் மெல்லிய தாளை ஒட்டி கிரீன்லாந்தை வெட்டியெடுத்து, ஆப்பிரிக்காவின் மேல் நகர்த்தி நகர்த்தி வைக்கச் சொல்வேன். பத்தைத் தாண்டியும் இடம் மிச்சமிருப்பதைப் பார்த்ததும் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். ஏறக்குறைய 14 முறை வைக்கலாம்.

தம்பி போகும் நாட்டின் பெயரைக் கேட்டு எழுதுங்கள், ஐயா. பணம், மொழி, மழைக்காலம் மூன்றையும் அடுத்த இதழில் சொல்கிறேன்.