லீஸ் பணம் திரும்பவில்லை: இலவச வக்கீலை எங்கே கேட்பது?

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் 3 லட்ச ரூபாய்க்கு லீஸில் குடியிருந்தோம். காலி செய்து ஏழு மாதமாகியும் ஓனர் பணம் தரவில்லை. நான் வீட்டு வேலை செய்கிறேன். வக்கீல் சங்கத்தில் கேட்டால் சும்மாவே கேஸ் நடத்தித் தருவார்களாமே?

பதில்: பாதி சரி. சங்கங்கள் சட்ட உதவி முகாம் நடத்தும், ஆலோசனை சொல்லும், இலவசமாக ஆஜராக முன்வரும் வக்கீலைக் கைகாட்டும். வசதியில்லாதவருக்குத் தன்னால் இயன்ற அளவு உதவுவது வக்கீலின் கடமை என்று பார் கவுன்சிலின் 46-ஆம் விதியே சொல்கிறது. ஆனால் அப்படி வருபவர் விட்டுக்கொடுப்பது தன் ஃபீஸை மட்டும்தான். கோர்ட் ஃபீஸ் உங்கள் தலையில் விழும், 3 லட்சத்துக்கு அது பல ஆயிரம்.

அதனால் நோட்டீஸ் எழுத, காகிதங்களைச் சரிபார்க்கச் சங்க வக்கீலின் உதவியை வாங்கிக்கொண்டு, கேஸைச் சட்டப் பணிகள் ஆணைக்குழு (இலவச சட்ட உதவி தரும் அரசு அமைப்பு) வழியாகப் போடுங்கள். அங்கே கோர்ட் ஃபீஸும் அவர்கள் பொறுப்பு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மனு உங்கள் கணவர் பெயரில் போனால் வருமானக் கேள்வி எழலாம். லீஸ் பத்திரத்தில் உங்கள் பெயர் இருந்தால் நீங்களே மனுதாரராகுங்கள். மாநில ஆணைக்குழு சித்தய்யா ரோட்டில் நியாய தேகுல கட்டடத்தில் இருக்கிறது. 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம். மனு கன்னடத்தில் எழுதப்பட்டால், தமிழில் படித்துக்காட்டச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பத்திரத்தின் முத்திரைத்தாளைப் பாருங்கள். மதிப்புக் குறைவாக இருந்தால் கோர்ட்டில் அதைச் சாட்சியமாக ஏற்கும் முன் குறைந்த தொகையையும் அதன் பத்து மடங்கு அபராதத்தையும் கட்டச் சொல்வார்கள். லீஸ் கேஸ்கள் பல இங்கேதான் தடுமாறும். ஆகவே பணம் போன பேங்க் ஸ்டேட்மென்ட், ஓனரின் வாட்ஸ்அப் பதில்கள், சாவி கொடுத்ததற்கான அத்தாட்சி எல்லாவற்றையும் திரட்டுங்கள்.

முதலில் ஆணைக்குழுவினர் லோக் அதாலத் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) மூலம் ஓனரை அழைத்துப் பேசுவார்கள். வராவிட்டால் வரவைக்க முடியாது. நோட்டீஸ், பேச்சுவார்த்தை என்று நாள் ஓடினாலும் கேஸ் போடுவதற்கான, பணம் தர வேண்டிய தேதியிலிருந்து எண்ணும் 3 ஆண்டுக் கெடு நிற்பதில்லை. சமரசமானால் அது டிகிரிக்கு (கோர்ட்டின் தீர்ப்பாணைக்கு) சமம், அப்பீல் கிடையாது. "சீக்கிரம் தருகிறேன்" என்பதற்கெல்லாம் கையெழுத்துப் போடாதீர்கள். தொகையும் தேதியும் வேண்டும், ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே என்ற வரியும் வேண்டும்.

ஆணைக்குழு வக்கீல் தனியாகப் பணம் கேட்டாலோ, வசூலில் பங்கு பேசினாலோ ஆணைக்குழுச் செயலாளருக்கு எழுதிக் கொடுங்கள், வேறு வக்கீலைக் கேட்கலாம். கேஸ் பதிவானதும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை (உங்கள் கேஸின் தனி அடையாள எண்) வாங்கி வையுங்கள். ஈ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தாவை நீங்களே பார்க்கலாம். தேதி தெரியாததால் கோர்ட்டுக்குப் போகாமல் தள்ளுபடியான கேஸ்கள் ஏராளம்.