2022 மெர்சிடிஸ்: சின்ன விங் மாட்டியிருந்தால் சரியாகியிருக்குமா?

கேள்வி: 2022-ல் மெர்சிடிஸ் ஃபார்முலா 1 கார் நேர்பாதையில் அவ்வளவு திணறியதே, சின்னதாக ஒரு பின் விங் மாட்டினால் தீர்ந்திருக்காதா?

தீராது. மாட்டியும் பார்த்தார்கள். அந்த வருஷம் மயாமி பந்தயத்துக்கு டிராக் (காரைப் பின்னுக்கு இழுக்கும் காற்றின் எதிர்ப்பு) குறைந்த பின் விங்கும் புது முன் விங்கும் கொண்டுவந்தார்கள், வெள்ளிக்கிழமை இரண்டாவது பயிற்சியில் மெர்சிடிஸ் ஓட்டுநர் ஜார்ஜ் ரஸ்ஸல்தான் முதலிடம். நம்மூரில் விடிய விடிய முழித்திருந்து பார்த்தவன் நான், ஒருவழியாகப் பிடித்துவிட்டார்கள் என்றே நம்பினேன். மறுநாள் தகுதிச் சுற்றில் அதே ரஸ்ஸல் 12-வது இடம்.

ஏன் அப்படி என்பதற்கு விங்கை விட்டுவிட்டு காருக்கு அடியில் பார்க்க வேண்டும். 2022-ல் விதிகள் மாறி, டவுன்ஃபோர்ஸின் (காரைத் தரையோடு அழுத்தும் காற்று விசையின்) பெரும்பங்கு ஃப்ளோரிலிருந்து, அதாவது காரின் அடித்தட்டிலிருந்து, வரத் தொடங்கியது. தரைக்கும் ஃப்ளோருக்கும் நடுவே குறுகிய வழியில் காற்று வேகமெடுத்து ஓடும், அங்கே அழுத்தம் குறையும், கார் தரையோடு ஒட்டும். இப்படிக் கிடைக்கும் பிடிக்கு டிராக் வகையில் கொடுக்கும் விலை குறைவு. விங்கில் கிடைக்கும் பிடி அப்படியில்லை, நேர்பாதை முழுக்க அதற்கு வட்டி கட்ட வேண்டும்.

மெர்சிடிஸ் அந்த வருஷத்துக் காரான W13-ஐ தரைக்கு மிக நெருக்கமாக ஓட்டுவதற்காகவே வடிவமைத்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் உண்மையான பந்தயப் பாதையில் அந்த உயரத்தில் ஓட்டவே முடியவில்லை. வேகம் ஏற ஏற கார் கீழே அமுங்கும், ஒரு கட்டத்தில் காற்று போக வழி அடைபட்டு பிடி விட்டுப்போகும், உடனே கார் மேலே எழும், மறுபடி காற்று ஓடும், மறுபடி அமுங்கும். இதுதான் போர்பாய்சிங். அஜர்பைஜானின் பாகுவில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேர்பாதையில் மெர்சிடிஸின் இன்னொரு ஓட்டுநர் லூயிஸ் ஹாமில்டனின் ஹெல்மெட் நிற்காமல் குலுங்கியதைப் பார்த்திருப்பீர்கள். நான்காவதாக முடித்துவிட்டு, முதுகைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து அவர் மெல்ல மெல்ல இறங்கியதைப் பார்க்க எனக்கு மனசே கேட்கவில்லை.

குதிப்பதைக் குறைக்க காரை உயர்த்தினார்கள். உயர்த்தினால் ஃப்ளோரின் பிடி போயிற்று. அந்தப் பிடியை எங்கிருந்தாவது ஈடுகட்ட வேண்டுமே, அதனால் பெரிய பின் விங். பெரிய விங் வந்ததும் நேர்பாதையில் வேகம் போயிற்று. நாம் டிவியில் பார்த்தது இந்தக் கடைசி விளைவைத்தான். விங்கை மட்டும் சின்னதாக்கினால் நேர்பாதையில் ஜெயித்ததை அடுத்த வளைவிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும், டயரும் வழுக்கி வழுக்கிச் சூடேறும்.

அந்த சீசனிலேயே இதற்கு அருமையான சாட்சி இருக்கிறது. பெல்ஜியத்தின் ஸ்பா முழுக்க நீண்ட நேர்பாதைகள், அங்கே தகுதிச் சுற்றில் ஹாமில்டன் ரெட்புல் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பனைவிட 1.8 நொடி பின்தங்கினார். சரியாக ஒரு வாரம் கழித்து நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட். எல்லோருமே பெரிய விங் மாட்டும் வளைவு நெளிவான பாதை. அங்கே பந்தயத்தில் ரஸ்ஸல் இரண்டாவது. அப்புறம் மெக்சிகோ சிட்டி, கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், காற்றே மெலிசு. எவ்வளவு பெரிய விங் மாட்டினாலும் டிராக் அவ்வளவாக அடிக்காது. அங்கே பந்தயத்தில் ஹாமில்டன் இரண்டாவது. டிராக்குக்குத் தண்டனை குறைந்த இடத்திலெல்லாம் கார் தலைதூக்கியது.

இவ்வளவு பெரிய டீமுக்கு இது முன்கூட்டியே தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். காற்றுச் சுரங்கத்தில் (விண்ட் டனலில்) சோதிப்பது உண்மையான கார் அல்ல, அதிகபட்சம் 60 சதவீத அளவுள்ள மாதிரி. காற்றின் வேகத்துக்கும் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் என்று விதியில் வரம்பு உண்டு. பந்தயத்தில் கார் 300-ஐத் தாண்டி ஓடும்போது சஸ்பென்ஷனும் டயரும் சேர்ந்து போடும் அந்த ஆட்டம் சுரங்கத்து மாதிரியில் வராது.

இதை நான் சின்ன அளவில் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் மாணவர் ஃபார்முலா கார் கட்டியபோது பின் விங்கின் அடிப்பக்கம் கம்பளி நூலைத் துண்டு துண்டாக வெட்டி டேப்பால் ஒட்டி, பக்கத்தில் இன்னொரு வண்டியில் போய் வீடியோ எடுப்போம். காற்று ஒட்டி ஓடும் இடத்தில் நூல் படிய வாரிய தலைமுடி மாதிரி படுத்திருக்கும். பிரிந்த இடத்தில் எல்லாப் பக்கமும் படபடக்கும். கம்ப்யூட்டரில் அழகாக ஓடிய காற்று, உண்மையில் மேல் பட்டையின் நடுப்பகுதியில் கிழிந்துபோயிருந்தது, ஏனென்றால் ஓட்டுநரின் தலையும் ரோல் ஹூப்பும் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளையம்) முன்னால் நிற்பதை நாங்கள் கணக்கில் சரியாக வைக்கவில்லை. அன்றிலிருந்து எந்த விங்கையும் தனியாகப் பார்க்க எனக்கு வருவதில்லை, அதற்கு முன்னால் என்ன நிற்கிறது, அடியில் என்ன ஓடுகிறது என்றுதான் கண் போகும்.

மெர்சிடிஸ் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றிக்கொண்டு வந்தது என்பதும் உண்மை. ஸ்பெயினில் வந்த புது ஃப்ளோர் குதிப்பைக் குறைத்தது, பிரேசிலில் ரஸ்ஸல் ஜெயிக்க ஹாமில்டன் இரண்டாவதாக வந்தார். அந்த வெற்றி எனக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு அது கெடுதலும் செய்தது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அடுத்த வருஷக் காரையும் அதே ஒல்லியான சைடுபாட் (காரின் இரு பக்கமும் புடைத்திருக்கும் பகுதி) வடிவத்தில்தான் தொடங்கினார்கள். 2023 மொனாக்கோவில்தான் அதைக் கைவிட்டார்கள். அடுத்த வாரமே பார்சிலோனாவில் ஹாமில்டன் இரண்டாவது, ரஸ்ஸல் மூன்றாவது. ஜெயித்த வெர்ஸ்டாப்பன் ஹாமில்டனுக்கே 24 நொடி முன்னால் இருந்தார்.