பெல்ட் இறுகியாச்சு, மீதி நுனியை என்ன செய்வது?

கேள்வி: குட்டி யானை வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன், பெரும்பாலும் வீடு மாற்றும் சாமான்தான். கயிற்றை விட்டுவிட்டு, கைப்பிடியை முன்னும் பின்னும் அடித்து இறுக்குகிற ராட்செட் பெல்ட்டுக்கு மாறிவிட்டேன். இறுக்கிய பிறகு ஆளுயரத்துக்கு மேல் பெல்ட் மீந்து தொங்குகிறது. அடியில் சொருகி வைத்தால் கொஞ்ச தூரத்திலேயே வெளியே வந்துவிடுகிறது. வெட்டிவிடலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: வெட்டுவதைப் பற்றி கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தத் தொங்கும் நுனியைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். வண்டி வேகமெடுத்ததும் காற்றில் அது சாட்டை மாதிரி வீசும், பக்கத்தில் பைக்கில் வருகிறவர் முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கீழே தொங்கினால் பின்சக்கரம் பிடித்துச் சுற்றிக்கொள்ளும், அப்புறம் பெல்ட், ராட்செட், கொக்கி எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துவிடும். பெல்ட் அறுந்துவிட்டால் மேலே இருக்கும் பீரோவைப் பிடிக்க ஒன்றுமே கிடையாது.

சொருகுவது ஏன் நிற்கவில்லை என்றால், வண்டி ஓட ஓட சாமான் குலுங்கி அமரும், பெல்ட் தளரும், அந்த இடைவெளியில் காற்று நுனியை உருவிவிடும். அதனால் சொருகல் வேண்டாம், கட்டுங்கள்.

கட்டுவதற்கு முன்னாலேயே ஒரு வேலை இருக்கிறது. மீதி நுனி வண்டிக்கு வெளிப்பக்கம், சக்கரத்துக்கு நேர் மேலே விழுகிற மாதிரி ராட்செட்டை வைக்காதீர்கள். கை எட்டுகிற உயரத்தில், முடிந்தால் பாடிக்கு உள்பக்கமாக வரட்டும். பெல்ட் ரொம்ப நீளம் என்றால் சாமான் மேல் இன்னொரு சுற்று கொண்டுவாருங்கள், மிச்சமும் குறையும், பிடிப்பும் கூடும். தளர்வை எல்லாம் கையாலேயே இழுத்து எடுத்துவிட்டு அப்புறம்தான் ராட்செட்டை அடிக்க வேண்டும். நடு உருளையில் இரண்டு, மூன்று சுற்று விழுந்தால் போதும். மீதியையும் அதிலேயே சுற்றிவிடலாம் என்று அடித்துக்கொண்டே போனால் பெல்ட் திரண்டு ராட்செட் மாட்டிக்கொள்ளும், இறக்கும் இடத்தில் திறக்கவே வராது.

இப்போது நுனி. எனக்குப் பிடித்த வழி, முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்து ராட்செட்டுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தி, அந்தச் சுருளை இறுகிய பெல்ட்டோடு சேர்த்து டியூப் ரப்பரால் இரண்டு மூன்று சுற்று இறுக்கிக் கட்டுவது. பஞ்சர் கடையில் பழைய பைக் டியூப் கேட்டால் கொடுப்பார்கள், குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாக வரும். வண்டியில் எப்போதும் ஒரு கைப்பிடியளவு வளையங்கள் வைத்திருங்கள். வெல்க்ரோ பட்டையும் நன்றாகவே பிடிக்கும், ஆனால் மணலும் தூசும் ஏறினால் பிடிப்பு போய்விடும்.

ரப்பர் இல்லையா, நுனியையே இறுகிய பெல்ட்டைச் சுற்றி முடிச்சுப் போடலாம். முழு நீளத்தையும் முடிச்சுக்குள் விட்டு இழுக்காமல், மடித்து ஒரு காது மாதிரி விட்டு இழுத்தால், இறக்கும்போது ஒரே இழுப்பில் அவிழும். ஒன்று போதாது, அடுத்தடுத்து இரண்டு போடுங்கள். முடிச்சு மீதி நுனியில்தான் இருக்க வேண்டும். பாரம் தாங்குகிற பகுதியில் எக்காரணம் கொண்டும் முடிச்சு கூடாது, அங்கே முடிச்சு விழுந்தால் பெல்ட்டின் பலம் பெருமளவு போய்விடும். ராட்செட் கைப்பிடியைச் சுற்றியும் கட்டாதீர்கள், அது முழுதாக மடங்கிப் பூட்டியிருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே ஓரமாக நிறுத்தி ஒருமுறை பாருங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் நுனியை அவிழ்த்து, மறுபடி இறுக்கி, மறுபடி கட்ட வேண்டும். சோம்பல்பட்டு ராட்செட்டை மட்டும் இரண்டு அடி அடித்துவிட்டுப் போகாதீர்கள்.

சரி, வெட்டலாமா? நீங்கள் ஏற்றுவதிலேயே பெரிய லோடுக்கு எவ்வளவு நீளம் வேண்டும் என்று பார்த்து, அதற்கு மேல் தாராளமாக விட்டு வெட்டலாம். வெறும் முனையை மட்டும்தான் வெட்ட வேண்டும், கொக்கிப் பக்கம் தொடவே கூடாது. எவ்வளவு பாரம் தாங்கும் என்று அச்சிட்ட சீட்டும் பெல்ட்டிலேயே இருக்கட்டும். சாய்வாக வெட்டினால் ராட்செட்டில் கோர்க்க எளிது. வெட்டிய இடத்தை லைட்டரில் காட்டி இழைகளை உருக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரிந்துகொண்டே போகும். உருகியதை விரலால் அமுக்காதீர்கள், தோலில் ஒட்டிக்கொண்டு சுட்டுவிடும்.

கேள்வி: பைக் பின் சீட்டில் காய்கறி மூட்டை கட்டிக்கொண்டு போகிறேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்களுக்குத்தான் அதிகம் பொருந்தும். பைக்கில் நுனிக்கும் ஆரக்காலுக்கும் நடுவே தூரமே இல்லை. உடை சக்கரத்தில் சிக்கக் கூடாது என்பதற்காகத்தான் பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு வேண்டும் என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. பெட்டி மாட்டுவதற்காக அந்தச் சேலைக் காப்பைக் கழற்றியிருந்தால் தயவுசெய்து மறுபடி போடுங்கள். ஆனால் அதை நம்பி நுனியைத் தொங்கவிடாதீர்கள், மறுபக்கம் திறந்துதான் இருக்கும், சைலன்சரில் பட்டால் பெல்ட் உருகவும் செய்யும். முடிச்சு, நுனி எல்லாமே மூட்டையின் மேல்பக்கம் வரட்டும். கடைசி முனையை மூட்டைக்கு அடியில் செருகுவதோடு விடாமல் டியூப் போட்டுக் கட்டுங்கள்.

கேள்வி: கார் கூரையில் பெல்ட் போட்டுக் கட்டினால் வேகமாகப் போகும்போது ‘விர்ர்’ என்று காது கிழிகிறது. பெல்ட் தளர்வாகவும் இல்லை.
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தட்டையான பெல்ட் அந்தரத்தில் நீளமாக நின்றால் காற்றுபட்டு அதிரும், எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. சாமானில் படாமல் காற்றில் நிற்கிற பகுதியில் மட்டும் ஒரு முறுக்கு, நீளமாக இருந்தால் இரண்டு முறுக்கு கொடுத்துக் கட்டுங்கள், சத்தம் குறைந்துவிடும். சாமானின் விளிம்பில் மடிகிற இடத்திலும் ராட்செட்டுக்குள் நுழைகிற இடத்திலும் பெல்ட் தட்டையாகவே இருக்க வேண்டும்.