ஒரு கோப்பில் பழைய சொல்லை எடுத்துவிட்டுப் புதிய சொல்லைப் போடும் ஷெல் ஸ்கிரிப்டுக்கு, அந்த இரண்டு சொற்களையும் வெளியிலிருந்து கொடுப்பது எப்படி?

ஸ்கிரிப்டின் பெயருக்குப் பின்னால் நீங்கள் தட்டும் சொற்கள் வரிசையாக $1, $2, $3 என்று உள்ளே வந்துவிடும். பழைய சொல் $1, புதிய சொல் $2, கோப்பு $3 என்று வைத்துக்கொண்டு, சொல்லைத் தேடி மாற்றும் செட் (sed) கட்டளையில் அந்தந்த இடத்தில் இவற்றைப் போடுங்கள்.

பலரும் மாட்டிக்கொள்வது மேற்கோள் குறியில்தான். செட்டுக்கான கட்டளையை ஒற்றை மேற்கோளுக்குள் எழுதினால் ஷெல் $1-ஐத் தொடவே தொடாது. டாலர் குறியும் ஒன்றும் சேர்ந்த அந்த இரண்டு எழுத்துகளையே செட் தேடும். கோப்பு மாறாது, பிழைச் செய்தியும் வராது. அங்கே இரட்டை மேற்கோள்தான் வேண்டும். கோப்பையும் "$3" என்றே எழுதுங்கள், இல்லாவிட்டால் இடைவெளி உள்ள பெயர் இரண்டாக உடைந்துவிடும்.

சரி, மாற்றவேண்டியது ஒரு கோப்புப் பாதை என்றால்? பழைய சொல்லையும் புதிய சொல்லையும் பிரிக்க செட்டில் வழக்கமாகப் போடுவதும் / தான் என்பதால், பாதையிலுள்ள / குறியைப் பார்த்து அது குழம்பும். பிரிப்புக் குறியாக | போட்டால் தீர்ந்தது. புதிய சொல்லில் & வந்தால், கண்டுபிடித்த பழைய சொல்லே அங்கே வந்து உட்காரும்; ஸ்கிரிப்டை அழைக்கும்போது '\&' என்று ஒற்றை மேற்கோளுக்குள் கொடுங்கள்.

அப்புறம், ஸ்கிரிப்டின் முதல் வேலையாக $# மதிப்பு, அதாவது கொடுத்த சொற்களின் எண்ணிக்கை, 3 தானா என்று சோதியுங்கள். இல்லையென்றால் பயன்படுத்தும் முறையை ஒரு வரியில் காட்டிவிட்டு ஸ்கிரிப்ட் நின்றுவிடட்டும்.